பெரியவரின் எடை

கிழக்கே அடுக்குமாடிகளின் தலைகளுக்கு மேலே செங்கதிர் மெல்ல எழுந்து, பனியில் நனைந்து கிடந்த கூரைத் தகடுகளையும் நீர்த்தொட்டிகளையும் ஒன்றன்பின் ஒன்றாய்த் தொட்டு எழுப்ப, கடைக்காரர் இரும்புக் கதவுகளைக் கடகடவென மேலே உருட்ட, முதற் பேருந்துகள் இருமிக்கொண்டே நிலையத்தை விட்டு வெளியேற, பள்ளிப் பிள்ளைகளின் தலைகளில் தாய்மாரின் சீப்புகள் விரைந்து ஓட, அப்பெருநகரம் தன் பல்லாயிரம் வாய்களாலும் பேசத் தொடங்கிய காலைப்பொழுதில், நகரின் நடுவே நின்ற மருத்துவமனையின் நான்காம் மாடியில் ஒரு கூடம் மட்டும் பேசாதிருந்தது. பேசாதிருந்தது என்றேனே, ஓசையே இல்லை என்று கொள்ளவேண்டா. மழைக்கு முந்திய பூச்சிகளைப் போலக் கருவிகள் இடையறாது முனகிக்கொண்டிருந்தன. நீரூறும் குழாய்களில் குமிழிகள் கொப்புளித்தன. ஆயினும் அங்கே பணிபுரிவோர் எவரும் குரலை உயர்த்துவதில்லை. காலணிகளைத் தேய்த்து நடப்பதில்லை. ஒரு கிண்ணத்தைக் கீழே வைப்பதானாலும் உறங்கும் பறவையின் மேல் போர்வையிடுவார் போலவே வைப்பர்.

அக்கூடத்தில் பன்னிரண்டு கண்ணாடிப் பேழைகள் இரு வரிசையாய் இருந்தன. தாயின் கருப்பைக்குள்ள வெம்மையையும் ஈரத்தையும் தம்மால் இயன்றமட்டும் படியெடுத்து வைத்திருந்த அப்பேழைகளுக்குள், உரிய நாளுக்கு முன்னரே உலகின் கதவைத் தட்டிவிட்ட குழவிகள், இன்னும் தாம் பிறக்கவே இல்லை என்று எண்ணியிருப்பவை போலக் கண்மூடிக் கிடந்தன. அவற்றின் தோல் வெங்காயத்தின் உள்ளேடு போல் மெல்லியது. அதன்கீழ்க் குருதி ஓடும் தடங்கள் நீல மையால் வரைந்தவை போலத் தெரிந்தன. விலாவெலும்புகளுக்கு அடியில் நெஞ்சு துடிப்பதைக் காதால் அன்றிக் கண்ணாலேயே எண்ணலாம். மனிதர் என்னும் இப்பேரினம் எத்துணைச் சிறிய தொடக்கத்தை உடையது என்பதை அறிய விரும்பும் பெருந்தகையீர், மலையையும் கடலையும் பாராமல் அப்பேழைகளுள் ஒன்றைப் பார்த்தாலே போதும். சொல் தானாக அடங்கிவிடும்.

அக்கூடத்தில் பத்தாண்டுகளாகப் பணிபுரிந்தாள் ஒரு செவிலி. உடன்பணியாளர் அவளுக்கு இட்ட பெயர் தராசு. இளையோர் மதிப்புச் சேர்த்துத் தராசக்கா என்பர். பெயர் வந்த வழி எளியது. காலைதோறும் குழவிகளை நிறுப்பது அவள் பொறுப்பு. இடுப்புத்துணியின் எடை, தொப்பியின் எடை, மூக்குக் குழாயைப் பிடித்திருக்கும் ஒட்டுத்தாளின் எடை என அனைத்தையும் தனித்தனியே நிறுத்து, நீலநிறக் குறிப்பேடு ஒன்றில் எழுதி, மொத்தத்திலிருந்து கழித்து, எஞ்சுவதையே குழவியின் எடை என்று ஒப்புக்கொள்வாள். "எல்லாத்தையும் சேர்த்து நிறுத்தா துணிதான் வளரும், புள்ள வளராது" என்று புதிதாய் வரும் செவிலியரிடம் சொல்வது அவள் வழக்கம். குறிப்பேட்டில் அவளுடைய பக்கங்கள் அடித்தலும் திருத்தலும் இன்றி, கோடிட்ட வயல்போல் ஒழுங்காயிருக்கும்.

சாளரத்தை ஒட்டிய பேழையில் இருந்தவன், அக்கூடத்திலேயே மிகச் சிறியவன். மூன்று திங்கள் முன்னதாகவே பிறந்தவன். பிறந்தபோது ஒரு கிலோவுக்கும் குறைந்தவன். நெற்றியில் நான்கு சுருக்கமும், உலகத்தையே ஏற்காதவன் போன்ற உதட்டுச் சுழிப்பும், தோள்களில் முதிய நாரையின் இறகுபோல் மெல்லிய மயிரும் கொண்டு, எண்பதாண்டு வாழ்ந்து சலித்தவன் போல் தோன்றியமையால், செவிலியர் அவனைப் பெரியவர் என்று அழைத்து, மரியாதையும் குறையாமல் பேசினர். "பெரியவர் எந்திரிச்சுட்டாரா?" என்பாள் ஒருத்தி. "எந்திரிச்சாரு, நம்மளப் பாத்தாரு, பிடிக்கல, தூங்கிட்டாரு" என்பாள் இன்னொருத்தி. அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. மூச்சுவிட மறந்துவிடுவான். கருவி கூவியதும் செவிலி ஓடிச்சென்று, அவன் உள்ளங்காலில் விரல்நுனியால் ஒரு தட்டுத் தட்டினால், ஏதோ எண்ணத்தில் ஆழ்ந்திருந்தவன் நினைவு வரப்பெற்றாற்போல் மறுபடியும் மூச்சிழுப்பான். இன்னொன்றும் உண்டு. அவன் செவிமடல்களில் இன்னும் உறுதி ஏறவில்லை. ஒருக்களித்துக் கிடத்தினால் செவி மடிந்து, மடிந்தது மடிந்தபடியே நிற்கும். அவனைத் திருப்பும்போதெல்லாம் நனைந்த பூவிதழை நிமிர்த்துவது போல அதை நிமிர்த்திவிடுவாள் தராசு.

அவனைப் பெற்றவள் தையற்காரி. கணவன் தொலைதூரம் செல்லும் சரக்குந்து ஓட்டுபவன். தலையில் தையல் உறுத்தாதபடி மடிப்பெல்லாம் வெளிப்பக்கம் வரத் தைத்த தொப்பி ஒன்றை அவள் மகனுக்குக் கொடுத்திருந்தாள். குறிப்பேட்டில் அதன் எடை நான்கு கிராம். இருபத்திரண்டு நாளில் அவள் மகனை விரலால் தொட்டிருக்கிறாளேயன்றி மார்பில் அணைத்ததில்லை. முதலில் மூச்சுக்கருவி தடுத்தது. பின்னர் அவன் மறதி தடுத்தது. "கொஞ்சம் எடை ஏறட்டும்" என்று மருத்துவரும் தள்ளிவைத்தார். எடையோ ஐந்து நாளாக ஏறவில்லை. தொள்ளாயிரத்து நாற்பது என்னும் எண்ணில் அவன், படியில் உட்கார்ந்துவிட்ட முதியவரைப் போல அமர்ந்துவிட்டான். மகன் வளராமை கண்ட தாய்க்குப் பாலும் வற்றத் தொடங்கியது. குழாய்வழி அவன் வயிற்றுக்குச் செல்லும் பால் போதாமல், ஊசிவழிக் குருதியிலும் ஊட்டம் செலுத்தினர். அந்த ஊசிக்கோ இடம் கிடைப்பது நாளுக்குநாள் அரிதாயிற்று. கால்களிலும் இடக்கையிலும் இருந்த தடங்களெல்லாம் குத்துண்டு ஓய்ந்தபின், முந்திய நாள் மாலையில்தான் வலக்கையில் கடைசியாக ஒன்று அகப்பட்டு, அக்கை மடங்காதிருக்க ஒரு சிறு பலகை வைத்துப் பஞ்சும் துணியும் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது.

அன்று காலை தராசு அவனை நிறுத்தாள். துணியைக் கழித்தாள், தொப்பியைக் கழித்தாள், ஒட்டுத்தாளையும் கழித்தாள். தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு. முப்பத்து நான்கு கிராம் ஏற்றம். வறண்ட நிலத்தில் முதல் துளி விழக்கண்ட உழவனின் முகம் எவ்வாறு மலருமோ அவ்வாறு அவள் முகம் மலர்ந்தது. எழுதினாள், கீழே கோடிட்டாள், பத்தாண்டுகளில் முதன்முறையாக எண்ணின் பக்கத்தில் ஒரு சிறு விண்மீனும் வரைந்தாள்.

சுற்றிவந்த மருத்துவர் நரைத்த தலையும் சுருக்கமான பேச்சும் உடைய பெண்மணி. எண்ணைப் பார்த்ததும் அவருடைய மூக்குக்கண்ணாடி ஒருமுறை மேலேறி இறங்கியது.

"பெரியவர் மனசு வெச்சுட்டாரு போல. சரி, ஊசியை எடுத்துரு. இனி முழுக்கப் பால்தான்."

தாய்க்குச் செய்தி சொன்னவளும் தராசே. பால் கறந்து வைக்கும் சிற்றறையில் அமர்ந்திருந்த அவள், செய்தி கேட்டதும் கைபேசியை எடுத்துக் கணவனை அழைத்தாள். அவன் குரல் சரக்குந்தின் இரைச்சலையும் மீறி அறைக்குள் கேட்டது.

"முப்பத்தி நாலு கிராம்னா எவ்வளவு இருக்கும்?"

"ஒரு நூல்கண்டு இருக்கும்."

"சின்னதா, பெருசா?"

"பெரிய நூல்கண்டுங்க. வண்டியப் பாத்து ஓட்டுங்க."

அவள் சிரித்ததை அக்கூடத்தார் அன்றுதான் முதலில் கண்டனர். அதற்கடுத்த அரைமணியில் அவளுக்குப் பால் கரைபுரண்டு வந்தது. முந்திய நாள் அடிமட்டம் மட்டுமே நனைந்த குப்பி கழுத்துவரை நிறைந்தது.

முற்பகல் பதினொரு மணிக்குத் தராசு பேழையின் சிறுகதவு வழியே கைகளை நுழைத்து, ஊசியை உருவி, பஞ்சால் அழுத்தி, கட்டை அவிழ்த்துப் பலகையை வெளியே எடுத்தாள். எடுத்தவள் நின்றாள். பத்தாண்டுகளாக நிறுத்து நிறுத்துப் பழகிய அவள் உள்ளங்கை, கண்ணுக்கு முன்னரே உண்மையை அறிந்துவிட்டது. பஞ்சும் துணியும் சுற்றிய அப்பலகை அவள் கையில் கனத்தது. எடைப்பொறியில் அதை வைத்தாள். முப்பத்தொன்று. குறிப்பேட்டை ஒரு பக்கம் பின்னே புரட்டினாள். அதைக் கட்டிய செவிலி முந்திய மாலையே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்: வலக்கைப் பலகை, முப்பத்தொன்று.

எடை குறைந்த நாள்களில் அவள் மும்முறை நிறுப்பாள், குறிப்பேட்டின் முன்பக்கமும் பின்பக்கமும் புரட்டுவாள், பொறியையே ஐயுறுவாள். எடை கூடிய அன்றோ எதையும் புரட்டவில்லை. துயரம் கேள்வி கேட்கும், மகிழ்ச்சி கேளாது. பெரியவர் வளர்ந்தது முப்பத்து நான்கு அன்று, மூன்று. வெறும் மூன்று கிராமை நம்பி அவனுடைய கடைசித் தடத்திலிருந்து ஊசியை உருவியாயிற்று. இனி வெறும் பாலில் அவன் நிலைத்தால் நிலைக்கவேண்டும். இல்லையேல் ஓய்ந்துபோன அவ்வுடலில் எங்கேனும் மறுபடியும் குத்தித் தேடவேண்டும். அதற்குள் அவன் வலுவிழந்தால் என்னாகும் என்பதை அவள் எண்ணத் துணியவில்லை. பலகை பேசாது, குறிப்பேட்டைத் திருத்தினாலும் யாரும் கேட்கமாட்டார், நாளையோ மறுநாளோ ஓர் இறக்கமாகக் காட்டி அதைச் சரிக்கட்டிவிடலாம். இவ்வெண்ணம் அவள் நெஞ்சில் தலைகாட்டிய நேரம், மூச்சொன்று விட்டு மூச்சொன்று வாங்கும் அளவே. அப்பால் அவள் பலகையைக் கையில் ஏந்தியபடியே மருத்துவரிடம் சென்றாள்.

"டாக்டர், காலையில சொன்ன எடை தப்பு."

"யாரு நிறுத்தது?"

"நான்தான். இந்தப் பலகையைக் கழிக்கல. கூடினது மூணுதான்."

"ஊசியை எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

மருத்துவர் பலகையை வாங்கித் தம் கையில் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். "குறைஞ்சிருந்தா நானும் இன்னொரு தடவை நிறுக்கச் சொல்லியிருப்பேன். கூடினதால கேட்கல. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கண்ணு மறைஞ்சிருக்கு. அழுதுட்டு நிக்காத, வா பாக்கலாம்."

இருவரும் ஒளிவிளக்கைப் பிடித்துக் கையையும் காலையும் தலையையும் தேடினர். நம்பிக் குத்துதற்குரிய தடம் ஒன்றும் இல்லை. விளக்கை அணைத்துவிட்டு மருத்துவர் சொன்னார்: "சாயங்காலம் வரைக்கும் குத்த வேண்டாம். உடம்பைச் சூடா வெச்சுக்கவே இவன் தெம்பெல்லாம் செலவாகுது. அதை மிச்சம் பண்ணிக் கொடுத்தா பால் போதும்னு தோணுது. அம்மா நெஞ்சுல போடு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை வயித்தை அள, சர்க்கரை பாரு. வயிறு உப்பினாலோ சர்க்கரை இறங்கினாலோ யோசிக்காம என்னைக் கூப்பிடு. அவங்ககிட்ட நான் சொல்லவா?"

"நானே சொல்றேன் டாக்டர். நல்ல சேதி சொன்னது நான்தானே."

சிற்றறையில் தாய், தன் மணம் ஏற்றி மகனின் மூக்கருகே வைப்பதற்கான சிறுதுணிக்கு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். தராசு நின்றபடியே, சுற்றிவளையாமல் சொன்னாள். ஊசி பாதித் தையலில் நின்றது.

"அந்த நம்பரைக் கேட்டுத்தான் சிஸ்டர் எனக்குப் பால் வந்துச்சு. இப்ப அதைத் திருப்பி வாங்கிக்கிட்டீங்கன்னா?"

"பால் வந்தது வந்ததுதாம்மா. அதுலேருந்து யாரும் எதையும் கழிக்க முடியாது."

தாய் குப்பியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், கண்ணில் நின்ற நீரைத் தைத்துக்கொண்டிருந்த துணியில் படாமல் புறங்கையால் துடைத்தாள்.

"அப்ப மூணு."

"மூணு."

"குறையலையே?"

"குறையல."

"அஞ்சு நாளா நின்ன இடத்துலயே நின்னான். மூணு ஏறியிருக்கான்." மீண்டும் ஊசியை இழுத்து நூலை முடிச்சிட்டாள். "நான் அளவு தப்பி வெட்டினா மடிப்புக்குள்ள மறைச்சுத் தைச்சு அனுப்பிருவேன். ஒருத்தரும் கண்டுபிடிச்சதில்ல. நீங்களும் அப்படிச் செஞ்சிருக்கலாம்."

நூலைக் கடித்து அறுத்துவிட்டுத் தாயே தொடர்ந்தாள்: "எங்க வீட்டுக்காரரு இந்நேரம் வழியில இருக்கற டீக்கடைக்கெல்லாம் சொல்லியிருப்பாரு. அவரை எப்படித் திருப்பறதுன்னுதான் தெரியல. சரி, என்ன செய்யணும் சொல்லுங்க."

சாய்வு நாற்காலியில் அவளை அமர்த்தி, ஆடையின் முன்பக்கத்தைத் தளர்த்தி, தொப்பியும் இடுப்புத்துணியும் மட்டும் அணிந்த பெரியவரை, தோலோடு தோல் பொருந்த, தவளைபோல் கால்கள் மடங்க, அவள் நெஞ்சின் நடுவே வைத்துத் துணியால் கட்டினாள் தராசு. இருபத்திரண்டு நாள் பிரிந்திருந்த இரண்டு வெம்மைகள் ஒன்றையொன்று அறிந்துகொண்ட அக்காட்சியை நான் எந்த உவமையால் விளக்குவேன். நெற்றியின் நான்கு சுருக்கங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நீங்கின. எண்பதாண்டு முதுமை அவன் முகத்தைவிட்டு இறங்கிப்போக, அங்கே எஞ்சியிருந்தது பிறந்து மூன்று கிழமை ஆன ஒரு குழவி.

கால்மணி சென்றது. கருவி கூவியது; பெரியவர் மூச்சை மறந்துவிட்டார். தராசு அவன் உள்ளங்காலை நோக்கி விரலை நீட்டினாள். விரல் சென்று சேர்வதற்குள் தாய் தன்னியல்பாய் ஒரு நெடுமூச்சு இழுக்க, அவள் மார்பு எழ, அதன்மேல் கிடந்த சிற்றுடலும், அலையில் ஏறும் தோணிபோல் எழுந்தது. எழுந்த அசைவிலேயே அவன் மூச்சும் திரும்பியது. கருவி அடங்கிற்று. நீட்டிய விரலை நீட்டியபடியே வைத்து நின்றாள் தராசு. பத்தாண்டுகளில் எத்தனையோ ஆயிரம் முறை அவள் விரல் செய்த வேலையை, தான் செய்வதே அறியாமல் ஒருத்தியின் விலாவெலும்பு செய்துவிட்டது.

பிற்பகல் இரண்டு மணிக்குப் பணிமாற வந்தவள், முந்திய மாலை அப்பலகையைக் கட்டிய செவிலி. வாய் ஓயாதவள் ஆகையால் அவள் பெயர் ரேடியோ.

"தராசக்கா, கொட்டை எழுத்துல எழுதி வெச்சேன். அதைவிடப் பெருசா எழுதணும்னா இனி சுவத்துலதான் எழுதணும்."

"உன்மேல தப்பில்லடி."

"எனக்குத் தெரியும். ஆனா உங்களுக்கே தப்பு வருதுன்னா, எங்களுக்கெல்லாம் எவ்வளவு தெம்பா இருக்கு தெரியுமா." அடக்கிய சிரிப்போடு தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "வீட்டுக்குப் போங்கக்கா" என்றாள். தராசு போகவில்லை.

நான்கு மணிக்கு வயிற்றைச் சுற்றி அளவுநாடாவைப் பிடித்தாள். இருபத்தொன்றரை, முன்னையினும் ஒரு சென்டிமீட்டர் மிகை. அவள் முகம் வெளிறக்கண்ட தாய் குனிந்து பார்த்தாள்.

"டேப்பை இழுத்துப் பிடிக்கறீங்க சிஸ்டர். இழுத்தா அளவு பொய் சொல்லும். சும்மா படிய விடுங்க." தன் இரு விரல்களால் நாடாவை அமைத்துக் காட்டினாள். அப்போதும் இருபத்தொன்றரைதான். மருத்துவரை அழைக்கத் தராசு திரும்பிய நொடியில், தாயின் மடியில் ஒரு சிறு முழக்கம் எழுந்தது. அதனைத் தொடர்ந்து இடுப்புத்துணியின் எல்லையையும் கடந்து வெம்மையாய் ஒன்று பரவியது.

"சிஸ்டர், பெரியவர் கையெழுத்துப் போட்டுட்டாரு" என்றாள் தாய்.

ரேடியோ ஓடிவந்து பார்த்துவிட்டு, "கொட்டை எழுத்துல" என்றாள். துணி மாற்றி மீண்டும் அளந்தபோது வயிறு பழைய அளவுக்கே இறங்கியிருந்தது. குதிகாலில் எடுத்த ஒரு துளிக் குருதியும் சர்க்கரை குறையவில்லை என்றது. ஆறு மணிக்கு மருத்துவர் வந்து, வயிற்றின்மேல் காதுகுழலை வைத்து நெடுநேரம் கேட்டு, "ஊசி வேண்டாம்" என்று இரண்டே சொல் சொல்லிச் சென்றார்.

மறுநாள் காலை தராசு அவனை நிறுத்தபோது தாயும் மருத்துவரும் உடனிருந்தனர். துணியில்லை, தொப்பியில்லை, பலகையில்லை. ஒருமுறை நிறுத்தாள், எடுத்து மறுபடியும் நிறுத்தாள், தாயை எண்ணைப் படிக்கச்சொல்லி மூன்றாம் முறையும் நிறுத்தாள். கழிக்கவேண்டிய ஒட்டுத்தாளைக் கழித்தபின் நின்றது தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பது. திருத்திய எடையினும் ஆறு மிகை. விண்மீன் எதுவும் அவள் வரையவில்லை. தாய் கைபேசியில் கணவனிடம், "ஆறு கிராம். நாலு பட்டன் இருக்கும். இல்லங்க, இது சரியான அளவு, நானே பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று தொட்டு அக்கூடத்தில் எடை குறைந்தாலும் கூடினாலும் மறுமுறை நிறுப்பது முறையாயிற்று. அம்முறையின் தொடக்கத்தை அறியாத புதியவர்கள் அதைத் தொல்லை என்கின்றனர்.

இன்னும் பத்துநாள் கழிந்தது. ஒருநாள் முற்பகல், சாளரத்து வெயில் பேழையின் விளிம்பில் மெல்லிய பொற்கோடாய்ப் படிந்திருக்க, பெரியவரை ஒருக்களித்த நிலையிலிருந்து திருப்பினாள் தராசு. வழக்கம்போல் மடிந்த செவியை நிமிர்த்த விரல் நீண்டது. விரல் தொடுவதற்கு முன்னே, மடிந்திருந்த அம்மடல், உறக்கத்தில் கைவிரிக்கும் குழவிபோல் மெல்ல மெல்லத் தானே நிமிர்ந்து தன் இடத்தில் நின்றது. அதன் ஓரத்தில் எங்கோ, யாரும் பாராத ஏதோ ஒரு பொழுதில், உறுதி என்பது ஓர் இழையளவு வந்து ஏறியிருந்தது. அதை எப்பொறியும் காட்டவில்லை, எக்குறிப்பேடும் எழுதவில்லை. உலகத்தின் பெருஞ்செயல்கள் எல்லாம் நாம் நிறுக்கும் எண்களுக்குள்தான் நிகழ்கின்றன என்று எண்ணியிருக்கும் நமக்கு, அந்தச் சிறுசெவி சொல்வதற்கு ஏதோ ஒன்று இருந்தது போலும். தராசு நீட்டிய விரலை மடக்கிக்கொண்டு, நெடுநேரம் நின்று அதனைப் பார்த்திருந்தாள். பின்பு பேழையின் கதவை ஓசையின்றிச் சாத்தினாள்.